பொதுக் கோப்பு, தனித்தனி நகல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஓர் அலுவலகத்தின் கணினிகள் அனைத்தையும் ஒரே சர்வருடன் இணைத்துக் கோப்புகளைப் பொது ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரி வட்டார வாசகர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன நடக்கிறது என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. விவரங்களை ஒரே எக்செல் கோப்பில் பதிகிறோம். கோப்பு ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் ஒருவர் அதைத் திறந்திருக்கும்போது இன்னொரு விண்டோஸ் கணினியில் திறந்தால், வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்ற எச்சரிக்கை வருகிறது. ஆனால் லினக்ஸ் கணினியில் லிப்ரே ஆபீஸ் வழியாகத் திறப்பவருக்குச் சில வேளைகளில் எந்த எச்சரிக்கையும் வராமல், சேமிக்கவும் முடிகிறது. பிறகு ஒருவருடைய பதிவுகள் காணாமல் போகின்றன. பூட்டு வேலை செய்கிறதா, இல்லையா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: வேலை செய்கிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் இரண்டு வகைப் பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

விண்டோஸ் கணினிகள் சர்வரிலுள்ள கோப்பை எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை வழியாக அணுகுகின்றன. லினக்ஸ் சர்வரில் அதற்குப் பதில் சொல்வது சாம்பா என்னும் மென்பொருள். எஸ்.எம்.பி.யில் கோப்பைத் திறக்கும்போதே, ‘நான் வைத்திருக்கும்வரை வேறு யாரும் எழுதக் கூடாது’ என்று நிபந்தனை விதிக்கலாம். எக்செல் அப்படித்தான் திறக்கிறது. நிபந்தனையைக் காப்பது சர்வரின் பொறுப்பு என்பதால், எஸ்.எம்.பி. வழியாக அடுத்து வருபவர் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினாலும் எழுதும் அனுமதி மறுக்கப்படும்.

உங்கள் லினக்ஸ் கணினி அதே ஃபோல்டரை, யூனிக்ஸ் வகைக் கணினிகளின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்.எஃப்.எஸ். வழியாக இணைத்திருக்கிறது என்று கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். என்.எஃப்.எஸ். கோரிக்கைகள் சாம்பாவைத் தொடாமல் நேராக சர்வரின் இயங்குதளத்துக்குப் போய்விடுகின்றன. எக்செல் விதித்த நிபந்தனை சாம்பாவின் பதிவேட்டில் மட்டுமே இருப்பதால் இயங்குதளம் அதை அறியாது. யூனிக்ஸ் மரபில் வந்த பூட்டுகள் பெரும்பாலும் ஆலோசனைப் பூட்டுகள். அதாவது, பூட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு மட்டுமே அவை பொருந்தும், கேட்காமல் எழுதுபவரை அவை தடுப்பதில்லை. கட்டாயப் பூட்டு வசதி லினக்ஸில் ஒரு காலத்தில் இருந்தது. நம்பத்தகுந்த முறையில் அது இயங்காததாலும் பயன்படுத்துவோர் அருகிப் போனதாலும் 2021இல் வந்த 5.15ஆம் கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) நீக்கிவிட்டார்கள்.

லிப்ரே ஆபீஸ் கோப்பைத் திறக்கும்போது அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி ‘லாக்’ என்ற சொல்லும் கோப்பின் பெயரும் சேர்ந்த ஒரு சிறு மறைகோப்பை உருவாக்கி, அதில் பயனரின் பெயரை எழுதி வைக்கிறது. எக்செல்லும் அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் சேர்த்த ஒரு மறைகோப்பை உருவாக்குகிறது. எச்சரிக்கையில் தெரியும் பெயர் அதிலிருந்து எடுக்கப்படுவதே. ஒரு மென்பொருள் வைத்த அடையாளக் கோப்பை மற்றொன்று எல்லாப் பதிப்புகளிலும் மதிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டால் இந்த மறைகோப்பு அழியாமல் தங்கிவிடும். ஊருக்குப் போய்விட்ட ஊழியர் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பதாக எச்சரிக்கை வருவதற்கும் இதுவே காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. அந்த லினக்ஸ் கணினியையும் எஸ்.எம்.பி. வழியாகவே இணைத்துவிடுங்கள். ஒரு ஃபோல்டருக்கு ஒரு நெறிமுறைதான் என்பதை அலுவலக விதியாகவே வைத்துக்கொள்ளலாம். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் பைட் வரம்புப் பூட்டுகளைச் சாம்பா இயங்குதளத்துக்கும் தெரிவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் திறக்கும்போது விதிக்கப்படும் நிபந்தனைகளுக்கு அது போதாது என்பதால், இரண்டு நெறிமுறைகளையும் ஒரே ஃபோல்டரில் கலந்து அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் இரண்டு லினக்ஸ் கணினிகள், என்.எஃப்.எஸ். ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பிலிருந்து வரிசை எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுத வேண்டும். கோப்பின் முதல் வரியில் தலைப்பு, இரண்டாம் வரியில் எண். எஃப்.சி.என்.டி.எல். என்னும் இயங்குதள அழைப்பால் பூட்டு போட்டிருக்கிறேன். ஒரே கணினியில் இரண்டு நிரல்களை ஓட்டிப் பார்த்தபோது பிழை தெரியவில்லை. இரண்டு கணினிகளில் ஓட்டினால் சில எண்கள் இருமுறை வருகின்றன. இணைப்பில் நோஏசி என்ற தெரிவைச் சேர்த்தும் மாற்றமில்லை. சி மொழி நிரலை இணைத்திருக்கிறேன். (மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நிரலையும் அனுப்பியதற்கு நன்றி, அது இல்லாவிட்டால் நானும் என்.எஃப்.எஸ். மீதே பழி போட்டிருப்பேன்.

முதலில் அடிப்படை. சர்வரில் இருப்பது மூலப் பேரேடு என்றால், ஒவ்வொரு கணினியின் நினைவகத்திலும் இருப்பது அதன் ஜெராக்ஸ் பிரதி. ஒவ்வொரு முறையும் சர்வரிடம் போகாமல் தன் பிரதியைப் பார்த்தே வேலையை முடித்துக்கொள்வதைத்தான் கேஷ் என்கிறோம். பிரதி பழையதாகிவிட்டதா என்பதை என்.எஃப்.எஸ். எப்போது சோதிக்கிறது? கோப்பைத் திறக்கும்போது ஒருமுறை சர்வரிடம் கேட்கிறது. கடைசியாக மாற்றப்பட்ட நேரமோ மாற்ற எண்ணோ வேறுபட்டிருந்தால் பழைய பிரதியைத் தூக்கி எறிகிறது. கோப்பை மூடும்போது, எழுதியவற்றை எல்லாம் சர்வருக்கு அனுப்பி முடிக்கிறது. ஆகவே ஒருவர் மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியதைப் பார்ப்பார் என்பதுதான் இந்த நெறிமுறை தரும் உறுதி. இருவரும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் நிலைக்கு இந்த உறுதி பொருந்தாது. திறந்தே வைத்திருக்கும் கோப்பின் அளவு, நேரம் போன்ற விவரங்களை லினக்ஸ் குறைந்தது 3 விநாடி, அதிகபட்சம் 60 விநாடி வரை மறுபடி கேட்காமலே நம்பும்; ஃபோல்டர்களுக்கு இது 30 முதல் 60 விநாடி. ஒரு கணினியில் உருவாக்கிய கோப்பு மற்றொரு கணினியின் பட்டியலில் அரை நிமிடம் கழித்துத் தெரிவது இதனால்தான்.

பூட்டு இந்த நேரக் கணக்கை எல்லாம் தாண்டிப் போகிறது. எஃப்.சி.என்.டி.எல். பூட்டு கிடைத்ததும் லினக்ஸ் தன்னிடமுள்ள பிரதியை நம்பாமல் சர்வரிடமிருந்து புதிதாகப் பெறுகிறது. பூட்டை விடுவதற்கு முன், எழுதியவற்றைச் சர்வருக்கு அனுப்பிவிட்டே விடுகிறது. அதாவது, பூட்டுக்கு இரண்டு கடமைகள்: முறை வைப்பது ஒன்று, பிரதியைப் புதுப்பிப்பது மற்றொன்று. இரண்டாவது இல்லாத பூட்டு பயனற்றது. வரிசையில் ஒழுங்காக நின்று பழைய எண்ணைப் படித்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன லாபம்?

உங்கள் நிரலில் பூட்டின் கடமை தவறிப்போகும் இடங்கள் மூன்று இருக்கின்றன. முதல் இரண்டில் தவறுவது இரண்டாம் கடமை; அவை என்.எஃப்.எஸ்.ஸுக்கு மேலே, சி மொழியின் நூலகத்துக்குள் இருக்கின்றன. எஃப்ஓபன் கொண்டு திறந்த கோப்பிலிருந்து ஒரு வரியைக் கேட்டால், அந்த நூலகம் ஒரு வரியை மட்டும் வாங்கி வருவதில்லை. ஒரு பெரிய துண்டையே படித்துத் தன் சொந்தத் தாங்ககத்தில் (பஃபர்) வைத்துக்கொள்கிறது. நீங்கள் பூட்டு கேட்கும் முன்பே, கோப்பு சரியானதுதானா என்று பார்க்கத் தலைப்பு வரியைப் படிக்கிறீர்கள். அந்த நொடியிலேயே இரண்டாம் வரியிலுள்ள எண்ணும் தாங்ககத்துக்கு வந்துவிட்டது. பிறகு பூட்டுக்காகக் காத்திருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் அடுத்த கணினி எண்ணை மாற்றிவிடுகிறது. பூட்டு கிடைத்ததும் கெர்னல் தன் பிரதியைப் புதுப்பிக்கிறது. ஆனால் எண்ணைப் படிக்கும் உங்கள் எஃப்ஸ்கேன்எஃப் கெர்னலிடம் போகவே இல்லை. தாங்ககத்தில் தயாராக இருக்கும் பழைய எண்ணை எடுத்துத் தருகிறது.

எழுதும் பக்கமும் இதே கதை. எஃப்பிரின்ட்எஃப் எழுதிய எண் தாங்ககத்தில் இருக்கிறது. அடுத்த வரியில் பூட்டை விடுகிறீர்கள். அதற்கும் அடுத்த வரியில்தான் கோப்பை மூடும் எஃப்குளோஸ் வருகிறது. பூட்டை விடும்போது கெர்னல் தன்னிடம் வந்து சேர்ந்தவற்றை மட்டுமே சர்வருக்கு அனுப்ப முடியும். உங்கள் எண் அதன் கைக்கே போகவில்லை. எண் சர்வரைச் சேருவதற்குள் அடுத்த கணினி பூட்டை வாங்கிப் பழைய எண்ணைப் படித்திருக்கும்.

மூன்றாவது, சட்டென்று கண்ணில் படாதது. பூட்டு கையில் இருக்கும்போதே, பதிவேட்டுக்காக நீங்கள் எழுதிய துணைச் செயற்கூறு அதே கோப்பை இன்னொரு முறை திறந்து, அளவைப் பார்த்துவிட்டு மூடுகிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமாகிய பாசிக்ஸின் விதிப்படி, ஒரு செயலி ஒரு கோப்பை எந்த வழியாகத் திறந்திருந்தாலும், அவற்றில் ஒன்றை மூடியவுடன் அந்தக் கோப்பின் மீது அது வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் போய்விடும். இந்த விதியைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரு நிரலாளரை நான் சந்தித்ததில்லை. இதற்கு மாற்றாக, கோப்பைத் திறந்த அந்த ஒரு முறையோடு மட்டும் ஒட்டியிருக்கும் ஓ.எஃப்.டி. பூட்டுகள் 2014இல் லினக்ஸ் 3.15உடன் வந்தன. உங்கள் தேவைக்கு அந்தத் துணைச் செயற்கூறை நீக்குவதே போதும்.

ஆக, வரிசை இப்படி இருக்கட்டும்: திறந்தவுடன் எதையும் படிக்காமல் பூட்டை வாங்குங்கள்; அதன் பிறகு தலைப்பையும் எண்ணையும் படியுங்கள்; எழுதியதும், தாங்ககத்தில் உள்ளதைக் கெர்னலுக்குத் தள்ளும் எஃப்ஃப்ளஷ் செய்து, அது வெற்றியா என்று பார்த்து, அதன் பிறகே பூட்டை விடுங்கள். இவ்வளவு சிறிய வேலைக்கு எஃப்ஓபன் குடும்பத்தையே விட்டுவிட்டு, நேரடியாக ரீட், ரைட் அழைப்புகளைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. நோஏசியை எடுத்துவிடுங்கள். கோப்பின் விவரங்களை ஒவ்வொரு முறையும் கேட்கச் செய்வது அதன் வேலை. உங்கள் நிரலின் தாங்ககத்தை அது எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரே கணினியிலும் இந்தப் பிழை இருக்கத்தான் இருந்தது. அங்கே இடைவெளி மிகக் குறுகியது. நெட்வொர்க் அதை அகலப்படுத்தியது, அவ்வளவே. ஃப்ளாக் என்னும் மற்றொரு பூட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லினக்ஸ் 2.6.12க்கு முன் அது என்.எஃப்.எஸ்.ஸில் அந்தந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். அதன் பிறகு முழுக் கோப்பின் மீதான எஃப்.சி.என்.டி.எல். பூட்டாக மாற்றிச் சர்வருக்கு அனுப்பப்படுகிறது. எனவே தனிப்பூட்டு வேண்டுமானால் கோப்பை எழுதும் உரிமையுடன் திறந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ‘ஃப்ளாக் நெட்வொர்க்கில் வேலை செய்யாது’ என்று படித்தால், அது எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்திருக்கிறோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டி.பி.எஃப். என்னும் பழைய வகைத் தரவுக் கோப்புகளில் இயங்கும் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். பழைய கணினிகளில் தொல்லை இல்லாமல் ஓடியது. புதிய விண்டோஸ் கணினிகள் வாங்கியதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது இண்டெக்ஸ் கெட்டுவிடுகிறது. இரண்டு சரக்குப் பதிவுகள் ஒரே எண்ணில் விழுகின்றன. வைரஸ் என்கிறார் ஒருவர், ஹார்ட் டிஸ்க் என்கிறார் இன்னொருவர். (பண்ருட்டி)

பதில்: இரண்டும் இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கேஷின் அறிகுறிகள்.

டி.பி.எஃப். கோப்பின் தலைப்பகுதியில், இதுவரை எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கிறது. புதிய பதிவைச் சேர்க்கும் கணினி அந்தத் தலைப்பகுதியைப் பூட்டி, எண்ணைப் படித்து, கோப்பின் முடிவில் பதிவை எழுதி, எண்ணைக் கூட்டி எழுதிவிட்டுப் பூட்டை விட வேண்டும். உங்கள் மென்பொருள் இதை ஒழுங்காகச் செய்யும் என்றே வைத்துக்கொள்வோம். அது எழுதப்பட்ட காலத்தில் அடியிலிருந்த விண்டோஸ் செய்த கேஷும், இன்றைய விண்டோஸ் செய்கிற கேஷும் ஒன்றல்ல.

எஸ்.எம்.பி.யில் ஒரு கோப்பை ஒரே ஒரு கணினி திறந்திருந்தால், சர்வர் அதற்கு ஆப்லாக் என்னும் சலுகையைத் தருகிறது: ‘உன்னைத் தவிர யாரும் இல்லை, படிப்பதும் எழுதுவதும் உன் நினைவகத்திலேயே இருக்கட்டும்.’ இரண்டாவது கணினி அதே கோப்பைத் திறக்க வந்தவுடன் சர்வர் முதல் கணினியைக் கூப்பிட்டு, வைத்திருப்பதை எழுதி முடித்துவிட்டுச் சலுகையைத் திருப்பித் தரச் சொல்கிறது. அந்தக் கணினி பதில் சொல்லும்வரை இரண்டாமவர் காத்திருப்பார். பதிலே வராவிட்டால், சுமார் அரை நிமிடம் பார்த்துவிட்டுச் சர்வர் தன் போக்கில் போய்விடும். மடிக்கணினி உறங்கப் போய்விட்டாலோ, குடோனிலிருந்து வை-ஃபை அறுந்துவிட்டாலோ, எழுதாமல் தங்கியிருந்த பதிவு அதோடு போயிற்று. 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த எஸ்.எம்.பி. 2.1இல் இது குத்தகை என்னும் வடிவில் விரிவாக்கப்பட்டது. இதல்லாமல், கோப்பின் விவரங்களையும் ஃபோல்டர் பட்டியலையும் 10 விநாடியும், ஒரு கோப்பு இல்லை என்ற செய்தியை 5 விநாடியும் விண்டோஸ் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வேர்டு ஆவணத்துக்கு 10 விநாடி ஒரு பொருட்டில்லை. சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் இரண்டு மேசைகளில் ஒரே சமயத்தில் பதிவு போடும் மண்டிக்கு அது மிக நீண்ட நேரம்.

முதலில் செய்ய வேண்டியது, பதிவு போடும் கணினிகளை வை-ஃபையிலிருந்து எடுத்துக் கேபிளில் மாட்டி, உறக்க நிலையை நிறுத்துவது. இரண்டாவது, கணக்குக் கோப்புகள் இருக்கும் ஷேருக்கு மட்டும் சர்வரில் குத்தகைச் சலுகையை நிறுத்துவது, விண்டோஸ் சர்வரில் ஷேரின் லீசிங் மோட் என்பதை ‘நன்’ என்று வைக்கலாம், சாம்பாவில் டி.பி.எஃப்., இண்டெக்ஸ் கோப்புகளை மட்டும் ஆப்லாக்கிலிருந்து விலக்கும் தெரிவே இருக்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு கணினியின் ரெஜிஸ்ட்ரியிலும் லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் பகுதியில் அந்த மூன்று கேஷ் ஆயுட்காலங்களைப் பூஜ்யமாக்குவது. இதை உங்கள் ஹார்டுவேர் நண்பரிடம் விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். வேகம் சற்றுக் குறையும். கணக்கு சரியாக இருக்கும்.

இவற்றை விட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. மென்பொருளைச் சர்வரிலேயே ஓட்டி, மற்ற மேசைகளிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைப் பயன்படுத்துவது. கோப்பைத் தொடுவது ஒரே கணினி என்று ஆகிவிட்டால் கேஷ் தகராறுக்கே இடமில்லை. இதற்கான உரிமங்களுக்குச் செலவு உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். எப்படியிருந்தாலும் மென்பொருளை மாற்றும் யோசனையைத் தள்ளிப் போட வேண்டாம். டி.பி.எஃப். கோப்புகளைக் கையாளும் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பெரும் பதிப்பு வந்தது 2004இல். அதற்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது.

கேள்வி: இவ்வளவு தொல்லை தரும் கேஷை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன? (நெய்வேலி)

பதில்: நிறுத்தலாம், பிறகு அந்த சர்வரை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஒரு கேள்வி சர்வருக்குப் போய்த் திரும்ப அரை மில்லிவிநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் ஒவ்வொன்றின் விவரத்தையும் கேட்டால் 5 விநாடி. அதே கேள்விக்கு வை-ஃபையில் 5 மில்லிவிநாடி ஆனால் 50 விநாடி. ஒரு பட்டியலைப் பார்க்கவே இவ்வளவு நேரம். அதோடு, கேஷை நிறுத்துவதால் பூட்டின் தேவை போய்விடாது. இருவரும் புத்தம் புதிய எண்ணையே படித்து, இருவரும் அதனுடன் ஒன்றைக் கூட்டி எழுதினால், எண் இரண்டு கூடியிருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கூடியிருக்கும்.

என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்பு நடுவழியை எடுத்தது. போட்டி இல்லாத கோப்பைச் சர்வர் ஒரு கணினியின் பொறுப்பில் விட்டுவைக்கிறது. வேறொருவர் கேட்டு வந்தால் திரும்ப அழைக்கிறது. எஸ்.எம்.பி.யின் ஆப்லாக்கும் கிட்டத்தட்ட இதே சிந்தனைதான். கோப்பு மாறினால் தகவல் சொல்கிறேன் என்று சர்வர் வாக்குக் கொடுக்கும் முறையை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கோப்பு முறைமை 1980களிலேயே கையாண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் லினக்ஸ் சர்வரும் லினக்ஸ் கணினிகளும் மட்டுமே. மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் உயிர்பெற்றதும் ஒன்றரை நிமிடம் போல எந்தக் கோப்பையும் திறக்க முடிவதில்லை; பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. பிங் செய்தால் சர்வர் பதில் சொல்கிறது. கோளாறு எங்கே? (கடலூர் முதுநகர்)

பதில்: கோளாறே இல்லை. சர்வர் பழைய பூட்டுக்காரர்களுக்காகக் காத்திருக்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் உருவாக்கிய என்.எஃப்.எஸ்.ஸில், யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்பதைச் சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சர்வர் விழுந்து எழுந்தாலும் கணினிகள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் பூட்டு என்பதே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஆகவே இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் பூட்டை முக்கிய நெறிமுறைக்கு வெளியே, லாக்டி, ஸ்டாட்டி என்னும் தனிப் பின்னணி நிரல்களிடம் ஒப்படைத்தார்கள். பூட்டு வாங்கிய கணினிகளின் பெயர்களை ஸ்டாட்டி வட்டில் எழுதி வைக்கும்; சர்வர் மீண்டும் எழுந்ததும் அவற்றுக்குத் தகவல் அனுப்பும்; அவை வந்து தம் பூட்டுகளை மீட்டுக்கொள்ளும். இதில் ஓர் ஓட்டை உண்டு. பூட்டு வைத்திருந்த கணினி கெட்டுப்போய் மறுபடி இயங்கவே இல்லை என்றால், அதன் பூட்டை விடுவிக்க ஆள் இல்லை. நிர்வாகி கையால்தான் நீக்க வேண்டும்.

2000இல் முதன்முதலாக வரையறுக்கப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட நான்காம் பதிப்பு, பூட்டை உள்ளேயே கொண்டுவந்து அதற்கு ஒரு குத்தகைக் காலமும் வைத்தது. லினக்ஸ் சர்வரில் அது வழக்கமாக 90 விநாடி. கணினிகள் அதற்குள் தாம் உயிருடன் இருப்பதைத் தெரிவித்துக் குத்தகையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறினால், வேறொருவர் கேட்கும்போது அந்தப் பூட்டைப் பறித்துக் கொடுக்கும் உரிமை சர்வருக்கு உண்டு. சர்வரே மறுபடி எழும்போது, முன்பு பூட்டு வைத்திருந்தவர்கள் வந்து மீட்டுக்கொள்வதற்காகச் சலுகைக் காலம் ஒன்றைத் தருகிறது. அதுவும் 90 விநாடி. அந்தக் காலத்தில் புதிதாக யாருக்கும் பூட்டு கொடுக்காது, புதிதாகக் கோப்பைத் திறக்கவும் விடாது. அப்படி விட்டால், பழையவர் திரும்பி வரும்போது அவருடைய கோப்பு வேறொருவர் கையில் இருக்கும்.

எல்லாக் கணினிகளும் மீட்டுக்கொண்டதாகத் தெரிவித்துவிட்டால் 4.1ஆம் பதிப்பில் சர்வர் இந்தக் காலத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்ளவும் கூடும். உங்கள் அலுவலகத்தில் முழுக் காலமும் ஓடுவதற்குக் காரணம், யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினிகளும் அதே மின்வெட்டில் அணைந்துபோவதாக இருக்கலாம். வராதவர்களுக்காகச் சர்வர் கடைசிவரை காத்திருக்கிறது. காலத்தைக் குறைக்க முடியும். ஆனால் புயல் மழைக் காலத்தில் ஸ்விட்ச்சும் சர்வரும் முன்பின்னாக எழுந்துகொண்டிருக்கும் ஊரில், அந்த 90 விநாடியை நான் தொட மாட்டேன். சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் ஒரே யு.பி.எஸ். போடுங்கள்.

கேள்வி: பொது ஃபோல்டரில் புள்ளி, என்.எஃப்.எஸ். என்று தொடங்கி நீளமான எண்களுடன் சில கோப்புகள் இருக்கின்றன. அழித்தால் வேறு எண்ணுடன் திரும்ப வருகின்றன. (வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: உங்கள் கணினியில் ஏதோ ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை அதே கணினியிலிருந்து யாரோ அழித்திருக்கிறார்கள். திறந்திருக்கும் கோப்பு உண்மையாகவே அழிந்துவிட்டால் அந்த மென்பொருள் தவித்துப்போகும் என்பதால், கணினி அதை அழிக்காமல் இந்தப் பெயருக்கு மாற்றி வைக்கிறது. மென்பொருள் மூடியதும் தானே அழித்துவிடும். நீங்கள் அழித்தாலும் அதே விதி மறுபடி பாய்கிறது. அதை உருவாக்கிய கணினியில் எல்.எஸ்.ஓ.எஃப். கட்டளை கொடுத்துப் பாருங்கள். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்தக் கணினியிலும் யாரும் பிடித்திருக்கவில்லை, கோப்பும் பல நாள் பழையது என்றால், கணினி நடுவில் அணைந்ததால் தங்கிப்போனது, தயங்காமல் அழிக்கலாம்.

கேள்வி: எங்கள் கடைக்கு நானே பைத்தானில் ஒரு பில் போடும் மென்பொருள் எழுதியிருக்கிறேன். தரவுகள், ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட்டின் கோப்பில். இப்போது கிளைக்கும் கல்லாவுக்கும் பொதுவாக அந்தக் கோப்பை நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) வைக்க எண்ணுகிறேன். வேகத்துக்காக, மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் ‘வால்’ (டபிள்யூ.ஏ.எல்.) முறையை இயக்கலாமா? (அரியாங்குப்பம், புதுச்சேரி)

பதில்: வேண்டாம், வால் முறையும் வேண்டாம், நாஸ் பெட்டியில் கோப்பை வைப்பதும் வேண்டாம். வால் முறையில் எல்லாச் செயலிகளும் ஒரு பகிர்ந்த நினைவகப் பகுதியைப் பார்த்தே ஒத்திசைகின்றன. அவை அனைத்தும் ஒரே கணினியில் இருந்தால்தான் அது சாத்தியம். வால் இல்லாத பழைய முறை நெட்வொர்க்கில் ஓடும், ஆனால் அதன் பாதுகாப்பு முழுவதும் கோப்புப் பூட்டு சரியாக இயங்குவதைப் பொறுத்தது. பல என்.எஃப்.எஸ். அமைப்புகளில் பூட்டு பிழையாக இயங்குகிறது என்று எஸ்க்யூலைட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. உங்கள் நாஸ் பெட்டியின் பூட்டு நன்றாக இயங்கலாம். இயங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியவரும் நாள், தரவு கெட்ட நாளாக இருக்கும்.

எஸ்க்யூலைட் கோப்பைக் கல்லாவில் உள்ள கணினியின் சொந்த வட்டிலேயே விடுங்கள். அங்கே பைத்தானின் ஃபிளாஸ்க் நூலகத்தைக் கொண்டு ஒரு சிறு இணையச் சேவையை எழுதினால், கிளைக் கணினி அதை பிரவுசரில் திறந்து பில் போட்டுக்கொள்ளலாம். அப்போது வால் முறையையும் தாராளமாக இயக்கலாம். பைத்தானில் இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கு அது பெரிய வேலையல்ல. கிளைகள் பெருகும் என்று நினைத்தால் இப்போதே சர்வர் வகைத் தரவுத்தளங்களான போஸ்ட்கிரஸுக்கோ மரியா டி.பி.க்கோ போய்விடலாம். நாஸ் பெட்டியைப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்பை அப்படியே காப்பி செய்து போடாதீர்கள். எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளையால் முதலில் உள்வட்டில் ஒரு முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை இரவில் நாஸுக்கு அனுப்புங்கள்.